இன்ச்சைப் பார்க்காதீங்க... எழுத்தைப் பாருங்க!

டெக் டப்பா - திருமழிசையிலிருந்து ஒரு தேர்டு இயர்

"கையில 12 ஆயிரம் இருக்கு பாஸ். வீட்டுக்கு ஒரு பெரிய மானிட்டர் வேணும். புராஜெக்டும் பண்ணணும், படமும் பார்க்கணும். எது வாங்கலாம்?"

செமஸ்டர் ஆரம்பிச்சதிலிருந்து கேன்டீன், காலேஜ் பஸ், லேப் வாசல்னு எங்கே போனாலும் இந்தக் கேள்வி கூடவே வருது. கேட்கிறவங்க எல்லாருமே ஒரு வார்த்தையை மட்டும் அழுத்திச் சொல்றாங்க: 'பெரிய'. 24 இன்ச் சுமாரா 8 ஆயிரம், 27 இன்ச் சுமாரா 10 ஆயிரம். ரெண்டாயிரம் சேர்த்துப் போட்டா மூணு இன்ச் எக்ஸ்ட்ரா. பிரியாணியில எக்ஸ்ட்ரா பீஸ் மாதிரி. யாருக்குக் கசக்கும்?

ஆனா மேட்டரே அங்கேதான் இருக்கு. அந்த எக்ஸ்ட்ரா மூணு இன்ச்சுக்குள்ள கடைக்காரர் எதையுமே வைக்கலை!

இந்த ஏரியாவுல நம்மில் பாதிப் பேருக்கு இது விளையாட்டுப் பணம் இல்லை. சிட்கோ எஸ்டேட்டுல அப்பா பார்த்த ஓவர்டைம், நாமளே டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு, அம்மாவோட சீட்டுப் பணம்... இப்படி ஏதோ ஒண்ணுதான் மானிட்டரா மாறப் போகுது. அதுவும் இது லேப்டாப் மாதிரி நாலு வருஷத்துல மூச்சு வாங்குற சரக்கு இல்லை. ஒழுங்கா வாங்கினா ரெண்டு லேப்டாப்போட ஆயுசைத் தாண்டி ஓடும். தப்பா வாங்கினாலும் அதேதான்... அத்தனை வருஷமும் மூஞ்சிக்கு நேரா நின்னு முறைக்கும். அதனால இந்த வாரம் டெக் டப்பாவுல மானிட்டர் மகாத்மியம்!

ஒரே கரண்டி மாவு

'ஃபுல் எச்டி'ன்னா என்ன? குறுக்கே 1920 புள்ளி, நெடுக்க 1080 புள்ளி. பெருக்கினா 20,73,600. இந்தப் புள்ளிக்குத்தான் பிக்சல்னு பேர். 24 இன்ச் ஃபுல் எச்டியிலும் இதே எண்ணிக்கைதான். 27 இன்ச்சிலும் இதேதான். 32 இன்ச்சிலும் சாட்சாத் இதேதான்.

அம்மா ஒரு கரண்டி மாவை ஊத்தி தோசை சுடுறாங்க. அதே ஒரு கரண்டியை இன்னும் அகலமா இழுத்தா தோசை பெருசாகும். மாவு கூடாது. நடுவுல ஓட்டை விழும். 27 இன்ச் ஃபுல் எச்டிங்கிறது அந்த ஓட்டை தோசை!

அப்ப நாம பார்க்க வேண்டியது தோசையோட சைஸை இல்லை, மாவு எவ்வளவு அடர்த்தியா இருக்குங்கிறதை. ஒரு இன்ச்சுக்கு எத்தனை பிக்சல்? இதை பிபிஐன்னு சொல்வாங்க. கண்டுபிடிக்கிறது ரொம்ப ஈஸி. ஸ்கூல்ல படிச்ச பிதாகரஸ்தான். அகலத்தோட வர்க்கம், உயரத்தோட வர்க்கம், ரெண்டையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, ஸ்க்ரீனோட மூலைவிட்ட இன்ச்சால வகுத்தா முடிஞ்சது. உங்களுக்காக நானே போட்டு வெச்சுட்டேன்:

24 இன்ச் (சரியா 23.8) ஃபுல் எச்டி: 93
27 இன்ச் ஃபுல் எச்டி: 82
27 இன்ச் க்யூஎச்டி (2560 × 1440): 109
27 இன்ச் 4கே (3840 × 2160): 163
32 இன்ச் (சரியா 31.5) 4கே: 140

க்யூஎச்டியில மொத்தம் 36,86,400 பிக்சல். கடையில இதை '2கே'ன்னும் சொல்வாங்க, குழம்பிடாதீங்க. 4கே-யில 82,94,400. ஃபுல் எச்டியைப் போல கரெக்டா நாலு மடங்கு.

இப்ப ஒரு ஷாக். உங்க 14 இன்ச் லேப்டாப் ஃபுல் எச்டியா இருந்தா, அதோட பிபிஐ 157! அதாவது இத்தனை நாளா 157-ல பழகின கண்ணைக் கூட்டிட்டு வந்து, 10 ஆயிரம் செலவு பண்ணி, 82-க்கு முன்னாடி உட்கார வைக்கிறீங்க. லேப்டாப்பை விட மானிட்டரைத் தள்ளி வெச்சுப் பார்ப்போம்ங்கிறதால வித்தியாசம் கொஞ்சம் குறையும். ஆனா காணாமப் போகாது.

அரசு லேப்டாப் வெச்சிருக்கிறவங்களுக்கும் இந்தக் கணக்கு முக்கியம். விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர்ல தொடங்கினது நம்ம திருவள்ளூர் மாவட்டத்துலதான். அந்தக் கால லேப்டாப்களில் 14 இன்ச், 1366 × 768 ரொம்ப சகஜம். பிபிஐ 112. எழுத்து ஓரளவு நல்லாத்தான் தெரியும், ஆனா நெடுக்க 768 வரிசைதான். நாலு லைன் கோடு எழுதுறதுக்குள்ள ஸ்க்ரோல் பண்ணணும். அடுத்து 2025-26 பட்ஜெட்டுல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட்னு அறிவிச்சாங்க. ஸோ, மூளை ஏற்கெனவே கையில இருக்கிற வீடுகள் நிறைய. நமக்குத் தேவை கண்ணாடி மட்டும்தான்!

டேப் எடுங்க, மேஜையை அளங்க

கடைக்குப் போறதுக்கு முன்னாடி அளக்க வேண்டியது ஸ்க்ரீனை இல்லை... உங்க வீட்டு மேஜையை.

6/6 பார்வை இருக்கிற கண்ணால சுமாரா 1 ஆர்க் மினிட் வரைக்கும் பிரிச்சுப் பார்க்க முடியும். அதாவது ஒரு டிகிரியில அறுபதில் ஒரு பங்கு. ரெண்டு புள்ளிக்கு நடுவுல உள்ள கோணம் அதைவிடச் சின்னதாயிட்டா, புள்ளிகள் தனித்தனியா தெரியாம ஒண்ணாயிடும். எழுத்து அச்சடிச்ச மாதிரி வழவழன்னு தெரியும். இந்தக் கோணத்தோட 'டேன்' மதிப்பை வெச்சு, எந்த ஸ்க்ரீன்ல எவ்வளவு தூரத்துல பிக்சல் மறையும்னு கண்டுபிடிக்கலாம். (எம்-1 பேப்பர் கடைசியில ஒரு நல்ல காரியத்துக்கு உதவுச்சு!)

27 இன்ச் ஃபுல் எச்டி: 107 சென்டிமீட்டர்
24 இன்ச் ஃபுல் எச்டி: 94 சென்டிமீட்டர்
27 இன்ச் க்யூஎச்டி: 80 சென்டிமீட்டர்
27 இன்ச் 4கே: 53 சென்டிமீட்டர்

நம்ம வீடுகளில் படிக்கிற மேஜை எப்படி இருக்கும்? சுவரோரம் ஒட்டிப் போட்ட மேஜை. ஆழம் ரெண்டடி, அதாவது 60 சென்டிமீட்டர். அதுல மானிட்டரோட ஸ்டாண்டு ஒரு சாண் இடத்தைத் தின்னுடும். நாம கொஞ்சம் பின்னால சாஞ்சு உட்கார்ந்தாலும் கண்ணுக்கும் ஸ்க்ரீனுக்கும் நடுவுல 60, 65-தான் தேறும். 27 இன்ச் ஃபுல் எச்டியைச் சரியாப் பார்க்கணும்னா நாற்காலியை 107-க்குத் தள்ளணும். தள்ளினா முதுகு கட்டிலில் இடிக்கும், கை கீபோர்டுக்கு எட்டாது!

லிஸ்ட்டைப் பாருங்க. 65 சென்டிமீட்டர்ல 4கே-யில பிக்சல் தெரியவே தெரியாது. க்யூஎச்டி மயிரிழையில தப்பிச்சுடும், உத்துப் பார்த்தாதான் தெரியும். 24 ஃபுல் எச்டி 'சுமார்' கோஷ்டி. 27 ஃபுல் எச்டி அவுட்.

இன்னொண்ணு. 'எங்க மானிட்டர்ல கண்ணே வலிக்காது'ன்னு யாராவது பில்டப் கொடுத்தா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க. ஸ்க்ரீனைப் பார்க்கும்போது நாம கண் சிமிட்டுறது குறைஞ்சுடும், கண் காய்ஞ்சுபோகும். இது எந்த மானிட்டர்லயும் நடக்கும். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்துல இருக்கிற எதையாவது 20 செகண்ட் பாருங்க. எதிர்வீட்டு மாடியைப் பார்த்தாலும் ஓகே... காரணம் கேட்டா கண் எக்ஸர்சைஸ்னு சொல்லிக்கலாம்!

கொடியா, கோடியா?

'படம் பார்க்க எதுக்குய்யா இவ்வளவு புள்ளி?'ன்னு கேட்கலாம். கரெக்ட். படத்துக்கு அவ்வளவு வேண்டாம். சினிமா ஓடிக்கிட்டே இருக்கும், கண் மன்னிச்சுடும். எழுத்து ஓடாது. ஒரே இடத்துல நின்னுகிட்டு, 'நான் யாரு, சொல்லு பார்ப்போம்'னு கேட்கும். நாம மானிட்டர் முன்னாடி உட்காருற நேரத்துல பாதிக்கு மேல படிக்கிறதுதான்: பிடிஎஃப், கோடு, டேட்டா ஷீட், சர்க்யூட், எக்ஸெல்.

அதுலயும் நம்ம தமிழ் எழுத்து இருக்கே, அது இங்கிலீஷை விட இடம் கேட்கிற பார்ட்டி. தமிழுக்கு மூணு மாடி. மேல்மாடியில புள்ளியும் கி, கீ-யோட வளைவும். நடுமாடியில எழுத்தோட உடம்பு. கீழ்மாடியில கு, மூ, ளூ-வோட வால். இந்த மூணுக்கும் இருக்கிற பிக்சல் வரிசைகளைப் பங்கு போட்டுக் கொடுக்கணும்.

எழுத்து உயரத்துக்குச் சுமாரா 3.7 மில்லிமீட்டர் ஒதுக்குறோம்னு வெச்சுக்குவோம். அந்த இடத்துக்குள்ள 27 இன்ச் ஃபுல் எச்டியில 12 வரிசை பிக்சல் இருக்கும். க்யூஎச்டியில 16. 4கே-யில 24. இந்த 12 வரிசையை மூணு மாடிக்குப் பிரிச்சா, மேல்மாடிப் புள்ளிக்குக் கிடைக்கிறது ஒண்ணோ ரெண்டோ. கொம்போட சுழி ஒத்தையா ரெட்டையான்னு காட்டுறதுக்கும் அதே கதிதான். 'பெட்டி' எது, 'பேட்டி' எது? 'கொடி' எது, 'கோடி' எது? வாக்கியத்தோட அர்த்தத்தை வெச்சு நாமளே யூகிச்சுக்க வேண்டியதுதான். ஒரு நாள் யூகிக்கலாம். எட்டு வருஷம்?

விண்டோஸ் இதுக்கு ஒரு ஒட்டுப்போடுற வேலை பண்ணும். 2001-ல எக்ஸ்பி-யோட வந்த 'கிளியர்டைப்' அதுதான். ஒவ்வொரு பிக்சலுக்குள்ளயும் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு குட்டித் துண்டு இருக்கில்லையா, அதைத் தனித்தனியா எரியவிட்டு எழுத்தோட ஓரத்தை நைஸ் பண்ணும். புது மானிட்டர் மாட்டினதும் தேடல் பெட்டியில 'கிளியர்டைப்'னு தட்டி ஒரு தடவை ட்யூன் பண்ணிடுங்க. காசில்லாம கிடைக்கிற இம்ப்ரூவ்மென்ட். ஆனா இல்லாத மாவை அதால அரைக்க முடியாது.

அதனால கடைக்குப் போகும்போது பென்டிரைவுல ஒரு தமிழ் பிடிஎஃப் எடுத்துட்டுப் போங்க. கடையில ஓடுற டெமோ வீடியோவுல கிளி பறக்கும், ஸ்ட்ராபெர்ரி விழும், எல்லா மானிட்டரும் அழகாத்தான் தெரியும். உங்க பிடிஎஃப்பை 100 சதவீத சைஸ்ல திறந்து, வீட்டுல உட்காருற தூரத்துல நின்னு, ரெண்டு பாரா படிங்க. அந்த ரெண்டு பாரா, பத்து ரிவியூவுக்குச் சமம்.

லேப்டாப்போட ஓட்டை எவ்வளவு பெருசு?

4கே-ன்னு முடிவு பண்ணிட்டீங்களா? ஒரு நிமிஷம். உங்க லேப்டாப்பால அதுக்குத் தண்ணி ஊத்த முடியுமான்னு பாருங்க.

எச்டிஎம்ஐ-ல வெர்ஷன் இருக்கு. 1.4-ன்னா 4கே வரும், ஆனா செகண்டுக்கு 30 படம்தான். மவுஸை இழுத்தா ஜவ்வு மிட்டாய் மாதிரி பின்னாலேயே வரும். 4கே-யை 60-ல ஓட்ட 2013-ல வந்த எச்டிஎம்ஐ 2.0 வேணும். இல்லைன்னா டிஸ்ப்ளேபோர்ட் 1.2. சில வருஷம் பழைய லேப்டாப்களில் நிறைய, 1.4-லேயே நிக்கிற ரகம். வெளியில பார்த்தா ரெண்டு ஓட்டையும் ஒரே மாதிரிதான் இருக்கும். மாடல் நம்பரைப் போட்டுத் தயாரிப்பாளர் கொடுத்திருக்கிற விவரத்தைப் பார்க்கிறதுதான் ஒரே வழி.

க்யூஎச்டிக்கு இந்தத் தலைவலி கம்மி. எச்டிஎம்ஐ 1.4-லேயே 60-ல ஓடிடும். ரொம்பப் பழைய லேப்டாப்பா இருந்தா மட்டும் செக் பண்ணிக்குங்க. சிலது 1920 × 1200-ஐத் தாண்டாது.

டைப்-சி ஓட்டை இருக்குன்னு துள்ளிக் குதிக்காதீங்க. எல்லா டைப்-சியும் படம் காட்டாது. சிலது சார்ஜுக்கும் டேட்டாவுக்கும் மட்டும்.

4கே வாங்கினா விண்டோஸ்ல ஸ்கேலிங்கை 150 சதவீதம் வைக்கணும். வைக்கலைன்னா எழுத்து எறும்பு சைஸுக்குப் போயிடும். வெச்சா க்யூஎச்டி-யில கிடைக்கிற அதே அளவு இடம்தான் கிடைக்கும், எழுத்து மட்டும் இன்னும் கூர்மையா இருக்கும். 'இடம்' வேணும்னா க்யூஎச்டி போதும், 'கூர்மை' வேணும்னா 4கே. இந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் பண்ணிக்குங்க.

போர்டு நூறு, பேனல் நாலைஞ்சு

கடையில பத்து, பதினஞ்சு பிராண்டு வரிசையா நிக்கும். ஆனா உள்ளே இருக்கிற பேனலைத் தயாரிக்கிறவங்க விரல்விட்டு எண்ணுற சில பேர்தான். பிஓஇ, சிஎஸ்ஓடி, ஏயூஓ, இன்னோலக்ஸ், எல்ஜி டிஸ்ப்ளே... இந்த மாதிரி. ஊருக்கே ஒரு மில்லுல மாவு அரைச்சு, ஆளாளுக்கு வேற வேற பாக்கெட்டுல போட்டு விக்கிற கதை.

இதுக்கு ஒரு சூப்பர் உதாரணம் உண்டு. 2012 வாக்குல கொரியாவுல இருந்து யமகாசி கேட்லீப் மாதிரி பேரே கேள்விப்படாத 27 இன்ச் மானிட்டர்கள் இ-பேயில வந்துச்சு. விலை சுமாரா 300, 350 டாலர். ரெசல்யூஷன் 2560 × 1440. உள்ளே எல்ஜி பேனல். ஆப்பிளோட 27 இன்ச் சினிமா டிஸ்ப்ளேவுலயும் அதே குடும்பத்துப் பேனல்தான். அதோட விலை 999 டாலர்! உலகம் பூரா மாணவர்களும் புரோகிராமர்களும் ஓடிப்போய் ஆர்டர் பண்ணாங்க. விலை எப்படிக் குறைஞ்சதுன்னு பார்த்தா... ஆட்டம் காணுற ஸ்டாண்டு, ஒரே ஒரு டிவிஐ ஓட்டை, ரெண்டு மூணு செத்த பிக்சல் இருந்தாலும் திருப்பித் தர முடியாத நிபந்தனை. பேனல் உசத்தி, மிச்சமெல்லாம் சிக்கனம்.

ஸோ, பேரைப் பார்த்துக் காசு கொடுக்காதீங்க. பேனல் வகை, வாரண்டி, ஸ்டாண்டு, இந்த மூணையும் பாருங்க.

பேனல்ல மூணு ஜாதி. ஐபிஎஸ்: எந்தப் பக்கம் நின்னு பார்த்தாலும் கலர் மாறாது. விஏ: கறுப்பு நல்ல கறுப்பா இருக்கும், ராத்திரி படம் பார்க்கச் சுகம். ஆனா கறுப்புப் பின்னணியில எழுத்தை வேகமா ஸ்க்ரோல் பண்ணா லேசா இழுசும். டிஎன்: மலிவு, வேகம். கொஞ்சம் குனிஞ்சு பார்த்தா ஹீரோ வில்லன் கலருக்கு மாறிடுவார். வீட்டுல நாம படிக்க, தங்கச்சி பக்கத்துல நின்னு எட்டிப் பார்க்க, அப்பா பின்னாடி இருந்து பட்டா விவரம் தேடச் சொல்ல... இந்தக் கூட்டுக் குடும்பத்துக்கு ஐபிஎஸ்தான் செட்டாகும்.

பெருமூச்சு விட ஒரு தகவல்: 2001-லேயே ஐபிஎம் கம்பெனி 22.2 இன்ச்சில் 3840 × 2400 மானிட்டர் விட்டது. பிபிஐ 204! விலை பல்லாயிரம் டாலர். முழு வேகத்துல ஓட்ட ஒரு கேபிள் பத்தாது, ஒண்ணுக்கு மேல செருகணும். ஆஸ்பத்திரி, ஆராய்ச்சிக்கூடம் மாதிரி இடங்களுக்குத்தான் கட்டுப்படியாச்சு. இன்னிக்கு நாம அதுக்கு ஒரு படி கீழே இருக்கிறதை பஸ் பாஸ் வெச்சிருக்கிறவன் ரேஞ்சுல பேரம் பேசிக்கிட்டிருக்கோம்.

ஹால்ல டி.வி. சும்மாதானே இருக்கு?

'எச்டிஎம்ஐ-யை டி.வி.யில செருகிட்டா வேலை முடிஞ்சது'ன்னு ஒரு கோஷ்டி. அந்த 32 இன்ச் டி.வி. 'எச்டி ரெடி'யா இருந்தா, 1366 × 768. பிபிஐ வெறும் 49! பத்தடி தள்ளி உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்க ஓகே. எக்ஸெல் திறந்தா நம்பர் எல்லாம் செங்கல் அடுக்கின மாதிரி இருக்கும்.

43 இன்ச் 4கே டி.வி.யோட பிபிஐ 102. பரவாயில்லைதான். ஆனா நிறைய டி.வி.கள் கலர் விவரத்தைச் சுருக்கித்தான் காட்டும், சிவப்பு எழுத்து பிசுபிசுன்னு ஆயிடும். செட்டிங்ஸ்ல 'பிசி மோடு' இருந்தா சரியாகும். அதெல்லாம் சரி, சீரியல் நேரத்துல அம்மாகிட்ட இருந்து அந்த ஸ்க்ரீனை வாங்குற தைரியம் யாருக்கு இருக்கு?

ரிட்ச்சி தெரு விசிட்

ஆன்லைன்ல ஆஃபர் வரும்போது வாங்குறது தப்பில்லை. ஆனா முதல்ல ஒரு தடவை கண்ணால பார்த்துடுங்க. அதுக்கு நமக்கு இருக்கவே இருக்கு, அண்ணா சாலைப் பக்கம் ரிட்ச்சி தெரு. திருமழிசையில இருந்து பூந்தமல்லி, அங்கிருந்து பஸ்ல கோயம்பேடு, மெட்ரோவுல ஏறி சென்ட்ரல், லைன் மாறி ஒரே ஸ்டேஷன், கவர்ன்மென்ட் எஸ்டேட். இறங்கி நடந்துடலாம். (கிளாஸ் இல்லாத நாள்ல போங்க, அட்டெண்டன்ஸ் லேக் ஆனா டெக் டப்பா பொறுப்பில்லை!)

கையில எடுத்துட்டுப் போக வேண்டியவை: உங்க லேப்டாப், அதோட எச்டிஎம்ஐ கேபிள், தமிழ் பிடிஎஃப், முழுசா சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு நிறத்துல அஞ்சு படம். அந்த அஞ்சையும் ஒவ்வொண்ணா முழு ஸ்க்ரீன்ல போட்டா, செத்த பிக்சல் இருந்தா கொசு மாதிரி மாட்டிக்கும். 'எத்தனை செத்த பிக்சல் இருந்தா மாத்திக் கொடுப்பீங்க?'ன்னு வாங்குறதுக்கு முன்னாடியே கேளுங்க. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு இருக்கும்.

பின்பக்கம் பிஐஎஸ் முத்திரையும் 'ஆர்' எழுத்துல ஆரம்பிக்கிற பதிவு எண்ணும் இருக்கணும். மானிட்டருக்கு அது கட்டாயம். 'பிஐஎஸ் கேர்' ஆப்ல அந்த எண்ணைத் தட்டினா ஒரிஜினலான்னு தெரிஞ்சுடும்.

அடுத்து, 'பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன் தம்பி.' மானிட்டருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். (32 இன்ச்சுக்கு மேலன்னா முன்னாடி 28, அதுவும் 2025 செப்டம்பர் 22-லிருந்து 18.) வரியோட 15 ஆயிரம் சொல்ற மானிட்டர்ல வரி மட்டும் 2,288 ரூபாய். ஆசையாத்தான் இருக்கும். ஆனா பில் இல்லைன்னா மூணு வருஷ வாரண்டிக்கு ஆதாரம் இல்லை. ரெண்டாவது வருஷம் ஸ்க்ரீன்ல கோடு விழுந்தா அந்த 2,288-ஐ வெச்சுக் கோடு அழிக்க ரப்பர்தான் வாங்கலாம்.

செகண்ட் ஹேண்டு? தாராளமா. ஆபீஸ்கள் கழிச்சுவிட்ட மானிட்டர்களில் நல்ல சரக்கு உண்டு. உதாரணத்துக்கு டெல் யு2515எச்: 25 இன்ச், க்யூஎச்டி, பிபிஐ 117. ஆனா பழைய க்யூஎச்டி மானிட்டர்கள் சிலதுல எச்டிஎம்ஐ வழியா முழு ரெசல்யூஷன் வராது, டிஸ்ப்ளேபோர்ட்டோ டிவிஐயோ கேட்கும். உங்க லேப்டாப்பையே மாட்டி 2560 × 1440 வருதான்னு பார்த்துட்டுக் காசைக் கொடுங்க. குறைஞ்சது அரைமணி நேரம் ஓடட்டும். சூடானதும் மினுக்குதா, மூலையில மஞ்சள் படியுதான்னு பாருங்க.

வாங்கியாச்சா? 27 இன்ச் பெட்டியோட சாயங்கால பூந்தமல்லி பஸ்ல ஏறாதீங்க, ப்ளீஸ். பேனலைப் படுக்கப் போடக் கூடாது, எதுவும் அழுத்தக் கூடாது, நிமிர்த்தித்தான் கொண்டு வரணும். அடிபட்டு உடைஞ்சா வாரண்டி வராது. ஆட்டோ காசை மானிட்டர் விலையிலேயே சேர்த்துக்குங்க.

'கரன்ட் பில் ஏறும்'னு வீட்டுல சொன்னா இந்தக் கணக்கைக் காட்டுங்க: 30 வாட்ஸ் இழுக்கிற மானிட்டர், தினம் 6 மணி நேரம், ரெண்டு மாசத்துக்கு 10.8 யூனிட். அவ்வளவுதான்.

கடைசியா, தராசு

எங்க ஊர் தல புராணத்துல ஒரு தராசு வரும். ஒரு தட்டுல திருமழிசை, இன்னொரு தட்டுல மத்த புண்ணிய பூமி எல்லாம். திருமழிசைத் தட்டுதான் தாழ்ந்துச்சாம். அந்த ஊர்க்காரன்கிற தைரியத்துல நானும் நிறுத்துச் சொல்லிடறேன். விலையெல்லாம் தோராயம், பண்டிகை ஆஃபர்ல ஆடும்.

10 ஆயிரத்துக்குள்ள: 24 இன்ச் ஃபுல் எச்டி ஐபிஎஸ். அந்த எக்ஸ்ட்ரா மூணு இன்ச்சுக்கு மயங்காதீங்க. மிஞ்சுற ரெண்டாயிரத்துல உயரம் மாத்துற ஸ்டாண்டும் நல்ல கீபோர்டும் வாங்கலாம். செகண்ட் ஹேண்டு க்யூஎச்டி நல்ல கண்டிஷன்ல சிக்கினா அதுக்கு முதல் ஓட்டு.

13-லிருந்து 18 ஆயிரம்: 27 இன்ச் க்யூஎச்டி ஐபிஎஸ். வீட்டு மேஜை, காலேஜ் வேலை, தமிழ் எழுத்து, சாதா லேப்டாப்... நாலுக்கும் ஒத்துப்போற இடம் இதுதான். 12 ஆயிரம் வெச்சிருக்கிற நண்பர்களே, ரெண்டு மாசம் பொறுத்து இங்கே வாங்க.

20 ஆயிரத்துக்கு மேல: 27 இன்ச் 4கே. லேப்டாப்பால 60-ல ஓட்ட முடியும்னு உறுதியானா மட்டும். நாள் பூரா படிக்கிற, டிசைன் பண்ற ஆளுக்கு ஒவ்வொரு ரூபாயும் நியாயம்.

வாங்கவே வேண்டாம் பார்ட்டி: லேப்டாப் ஃபுல் எச்டி, எழுதுறது கம்மி, பார்க்கிறது படம் மட்டும். நீங்க நாலு புஸ்தகத்தை அடுக்கி, லேப்டாப்பைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, ஒரு கீபோர்டு வாங்கிக்குங்க. கழுத்துவலியும் போகும், காசும் நிக்கும்.

அப்புறம் கடையில 'பெருசா ஒண்ணு காட்டுங்கண்ணே'ன்னு ஆரம்பிக்காதீங்க. 'இதுல பிபிஐ எவ்வளவுண்ணே?'ன்னு ஆரம்பிங்க. பேரமே வேற லெவல்ல நடக்கும்.

அடுத்த வாரம்: 500 ரூபாய் கீபோர்டுக்கும் 5,000 ரூபாய் கீபோர்டுக்கும் நடுவுல என்னதான் இருக்கு? தட்டிப் பார்த்துட்டு வர்றேன்!